இருப்புப் பதிவேட்டில் பூநாரைகள்

"அப்போ நானூத்திப் பன்னெண்டு பூநாரையும் எங்க போச்சு?" என்று மேற்பார்வையாளர் என்னைக் கேட்டார். கேட்டுவிட்டு என் பையைத் திறக்கச் சொன்னார்.

திறந்தேன். தண்ணீர் பாட்டில், கணக்கு நோட்டு, பாதி தின்ற பன், ஒரு மடக்குக் குடை. அவர் குடையை விரித்து, உள்ளே பார்த்து, மறுபடி மடக்கினார்.

"அந்தச் சின்ன ஜிப்பு?"

அதற்குள் தலைமுடி கிளிப் இரண்டு இருந்தன. அவற்றை மேசைமேல் வைத்தார். ஒரு தாளை எடுத்து, 'பறவை எதுவும் கைப்பற்றப்படவில்லை' என்று எழுதினார். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவசரத்தில் கையெழுத்து வேறு யாருடையதோ போல வந்தது. அதற்கும் ஒரு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்.

வெளியே போக ஒரே வழிதான். ஆள் உயரச் சுழல்கம்பிக் கதவு. சீட்டில் முத்திரை விழாமல் அது சுற்றாது. என் சீட்டில் விழவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஊருக்கு வெளியே, கடல் உள்ளே ஏறிவந்து தேங்கும் இடத்தில் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. அதைப் பறவைகள் காப்பகம் என்று அறிவித்து, சுற்றிலும் வேலி அடித்து, நடுவே சிமெண்டுப் பாதை போட்டு, கொக்கு வடிவத்தில் கோபுரம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். கொக்கின் வயிற்றுக்குள் படி ஏறி, அதன் கண் வழியாகப் பார்க்க வேண்டும். என் அக்கா அங்கே வழிகாட்டி. மூன்று வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். இந்த வாரம் நிரந்தர உத்தரவு வந்துவிடும் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. தையல் மெஷினை மிதித்து மிதித்து அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. இனி வீடு ஓடினால் அக்காவின் காலில்தான் ஓடவேண்டும்.

எனக்குப் பள்ளி விடுமுறை. பறவை பார்க்கத்தான் போனேன். சத்தியமாக வேறு எதற்கும் இல்லை. காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை கொக்கின் கண்ணுக்குள் உட்கார்ந்து எண்ணினேன். காக்கை முப்பத்தொன்று, நீர்க்காகம் நான்கு, மீன்கொத்தி ஒன்று, பருந்து ஒன்று. பூநாரை ஒன்றுகூட இல்லை.

திரும்பும்போது வாசலில் ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்தார்கள். மேலே 'கணக்கெடுப்பில் பொதுமக்கள் பங்கேற்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே பறவைகளின் பெயர்கள், எதிரே எண்கள். பூநாரைக்கு எதிரே 412 என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. எப்படி நிரப்புவது என்று காட்ட மாதிரிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அதை அடித்துவிட்டு 0 என்று எழுதினேன். நான் செய்த தப்பு, தலைப்பை நம்பியது.

எனக்கு முன்னால் நின்றவர் கழுத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு பைனாகுலர் தொங்கியது. அவர் சீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, என் சீட்டைப் பார்த்தார்.

"என்னம்மா கிறுக்கி வச்சிருக்க? எல்லாரும் போடறதுதான், போட்டுட்டு வா. பஸ் போயிடும்" என்றார். அவருக்குக் கதவு சுற்றியது.

பதினோரு வருஷத்தில் அந்த எண்ணை அடித்த முதல் ஆள் நான்தான் என்று மேற்பார்வையாளர் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை.

"நீ பார்க்கல. சரி. சத்தமாவது கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு சார். கம்பத்துல ஸ்பீக்கர் கட்டியிருக்கீங்க, அதுல."

"ஸ்பீக்கர்ல கத்தினது யாரு? நானா?"

"பூநாரை சார்."

"ஆங். அப்போ பூநாரை இருக்கு." எழுதிக்கொண்டார்.

அப்புறம் என் கண்ணைச் சோதித்தார். சுவரில் பூநாரைக் கூட்டத்தின் பெரிய படம் மாட்டியிருந்தது. பத்தடி தள்ளி நிற்கவைத்து, ஒரு கண்ணை மூடி, எண்ணச் சொன்னார். பதினாலு என்றேன். இன்னொரு கண்ணிலும் பதினாலு. அவர் படத்தருகே போய் விரல் வைத்து எண்ணிச் சரிபார்த்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. உள்ள தெரியுது, வெளிய தெரியலன்னா, அது கண்ணுல இல்ல பாப்பா. மனசுல இருக்கற எதிர்ப்பு. ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் போட வேண்டியிருக்கும்."

பள்ளி என்றதும், "சார், நான் வழிகாட்டி அக்காவோட தங்கச்சி" என்று சொல்லிவிட்டேன். காப்பாற்றும் என்று நினைத்துச் சொன்னது. அவர் பேனாவைக் கீழே வைத்து, முதல் தடவையாக என்னைச் சந்தோஷமாகப் பார்த்தார்.

அக்காவைக் கூட்டிவந்தார்கள். பச்சைச் சட்டையில், கையில் மெகாபோனோடு ஓடிவந்தாள். சீட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று பல்லுக்குள் கேட்டாள்.

"எண்ணினேன்க்கா."

"உன்ன யாருடி எண்ணச் சொன்னது?"

மேற்பார்வையாளர் ஒரு தடித்த பதிவேட்டை எடுத்துவந்து விரித்தார். அக்காவின் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து போகும் வழிகாட்டி, தன் பொறுப்பில் இருப்பதையெல்லாம் கணக்குக் காட்டி ஒப்படைக்க வேண்டும். காலையில் வருகிறவர் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பைனாகுலர் 6. குடை 4. பிளாஸ்டிக் நாற்காலி 22. பூநாரை 412. பக்கத்துக்குப் பக்கம் அக்காவின் கையெழுத்து. நடுவில் ஒரு மாதம் நாற்காலி 21 என்று இருந்தது. கால் உடைந்ததாம், அதற்கு இரண்டு வாரம் விசாரணை நடந்து, அக்கா மூன்று முறை விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பூநாரையில் ஒரு நாள்கூடக் குறைவு இல்லை.

"மூணு வருஷமா நீதானம்மா கணக்குப்படி வாங்கிக்கிட்டு இருக்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"ஆமா சார். நான் சேர்றப்பவே அது பதிவேட்டுலதான் சார் இருந்துச்சு. தண்ணில நான் பார்த்ததே இல்ல."

"இத அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் சார். உங்ககிட்டதான். 'நாற்காலிய ஒழுங்கா எண்ணு, போதும்'னீங்க."

அவர் பதிவேட்டை மூடிவிட்டு, இயக்குநரைப் பார்க்கவேண்டும் என்றார்.

இயக்குநரின் அறை குளிர்ந்து கிடந்தது. ஒரு சுவர் முழுக்க ஜன்னல். அந்த ஜன்னல் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, பூநாரைகள் பறக்கும் படத்தை ஒட்டியிருந்தார்கள். வெளிச்சம் பட்டு அறையே இளஞ்சிவப்பாக இருந்தது. மதகுக்காரர், அதாவது கடலுக்கும் சதுப்புக்கும் நடுவில் இருக்கும் மதகைத் திறந்து மூடுகிறவர், ஏதோ கையெழுத்துக்காக ஓரமாக நின்றிருந்தார். வந்து நாலு நாள் ஆகிறதாம்.

இயக்குநர் என் சீட்டைப் படித்தார். கோபப்படவில்லை. நெஞ்சில் கைவைத்தார்.

"நான் இங்க வந்தப்ப இது என்னவா இருந்துச்சு தெரியுமாம்மா? வெறும் சேறு. நாத்தம். பறவைங்க பூரா அந்தச் சேத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஒரு உசுரு அப்படி நிக்கறத என்னால பார்க்க முடியல. மதக அடைச்சேன். தண்ணிய ஏத்தினேன். இப்ப கண்ணாடி மாதிரி இருக்கா இல்லையா? பறவை மாதிரி குப்பைத்தொட்டி வச்சேன். பறவை மாதிரி கழிப்பறை கட்டினேன். ராத்திரில அதுங்களுக்கு இருட்டா இருக்குமேன்னு கலர் லைட்டு போட்டேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் பறவைக்கு என்ன செய்யணும்? வர்ற வெள்ளிக்கிழமை விருது குடுக்க வர்றாங்க. பெரிய பெரிய ஆளுங்க. அந்த நேரத்துல நீ சைபர் போடற."

மதகுக்காரர் தொண்டையைச் செருமினார். "ஐயா, பூநாரை நின்னு மேயற ஜாதி. கால் மூணடிகூட வராது. தண்ணி எட்டடி நிக்குது. தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்ன."

"நீச்சல் தெரியாதா அதுக்கு?"

"தெரியும்ங்க. சாப்பாடு அடியில சேத்துல இருக்கே."

"இத ஏன்யா நீ எழுத்துல குடுக்கல?"

"குடுத்தேன் ஐயா, நாலு வருஷம் முன்னாடி. 'நானூத்திப் பன்னெண்டு பறவையோட கால் நீளத்தையும் தனித்தனியா அளந்து அட்டவணையா அனுப்பவும்'னு ஆபீஸ்ல இருந்து பதில் வந்துச்சு. அளக்கப் போனேன். பறவை இல்ல."

"அத எழுதினியா?"

"எழுதினேன் ஐயா. 'அப்படியென்றால் கால் நீளப் பிரச்சினை முடிந்தது'ன்னு கோப்ப மூடிட்டாங்க. உங்க கையெழுத்துதான்."

பிறகு இயக்குநர் எழுந்தார். "இந்தப் பொண்ணுக்கு நானே காட்டறேன். ஜன்னலத் தொறங்க" என்றார்.

ஜன்னல் திறக்காது என்று மேற்பார்வையாளர் சொன்னார். படத்தை உரிக்க வேண்டும். அவர் நாற்காலிமேல் ஏறி, ஸ்கேலை வைத்துச் சுரண்டினார். ஒரு பூநாரையின் தலை சுருண்டு வந்தது, பிறகு கழுத்து, பிறகு ஒரு சிறகு. ஒரு ஜமக்காளம் அகலத்துக்குக் கண்ணாடி தெரிந்தது. இயக்குநர் அதில் முகத்தை ஒட்டி வெளியே பார்த்தார். பதவிக்கு வந்தபிறகு முதல் தடவை பார்க்கிறார் என்று அவர் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"அதோ! வெள்ளையா, பெருசா, ரெண்டு! மிதக்குது பாரு!"

"அது பெடல் படகு சார்" என்றாள் அக்கா.

"அன்னம் மாதிரி இருக்கே?"

"அன்னம் மாதிரி செய்யச் சொல்லி நீங்கதான் சார் ஆர்டர் போட்டீங்க."

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பியபோது அவர் முகத்தில் ரத்தமில்லை. அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. அவர் உண்மையாகவே நம்பியிருக்கிறார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குத் தெளிவு வந்துவிட்டது.

"பதிவேட்டுல கடைசியா பொறுப்ப வாங்கிக்கிட்டது யாரு?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"அப்போ நானூத்திப் பன்னெண்டும் உன் பொறுப்புல காணாமப் போயிருக்கு. ஒரு நாற்காலிக் காலுக்கே விசாரணை. இதுக்கு உன்ன வேலைய விட்டு எடுக்கறதோட நிக்காது. வேற எந்த ஆபீஸ்லயும் காலடி வைக்க முடியாது." சொல்லிவிட்டு மேசையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினார். "இதுல உன் நிரந்தர உத்தரவு. நேத்துதான் கையெழுத்துப் போட்டேன்." உறையைப் பறவை வடிவப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் திரும்ப வைத்தார்.

அக்கா அழவில்லை. மெகாபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"சார், அவ மேல தப்பில்ல! அதுங்க காணாமல்லாம் போகல. முழங்கால் தண்ணி இருக்கற இடத்துல நல்லாத்தான் இருக்கு. நானே பார்த்தேன்!"

சொன்ன வாயை அப்படியே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. இயக்குநரின் குரல் தேனாகிவிட்டது.

"எங்க பார்த்தம்மா?"

நான் தரையில் சுருண்டு கிடந்த பூநாரைத் தலையைப் பார்த்தேன்.

எங்கே என்று எனக்குத் தெரியும். பள்ளிக்குச் சைக்கிளில் போகும் குறுக்குவழியில், யாரும் இப்போது உப்பெடுக்காத பழைய உப்பளம் இருக்கிறது. உடைந்த வரப்புக்குள் கடல்நீர் முழங்கால் அளவுக்கு வந்து போகும். வேலி இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஒன்பது நாள் முன்னால் சைக்கிள் செயின் கழன்றதால் அங்கே இறங்கினேன். தண்ணீர் முழுக்க இளஞ்சிவப்பு. எண்ணத் தொடங்கி நூற்றெண்பதில் விட்டுவிட்டேன். அவற்றின் நடுவே கவிழ்த்த சட்டி போலச் சேற்று மேடுகள். மேடுகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில், குச்சிக் காலோடு, குஞ்சுகள். அதன்பிறகு தினமும் போய் ஐந்து நிமிஷம் மூச்சை அடக்கி நின்றுவிட்டு வருவேன். காப்பகத்துக்குப் போனதே, இங்கேயே இவ்வளவு என்றால் அங்கே எவ்வளவு இருக்கும் என்ற ஆசையில்தான்.

"சார், நாமளே தேடிடலாமா?" என்றார் மேற்பார்வையாளர்.

"எப்படித் தேடறது? வேலிக்கு வெளிய பறக்கறது நம்ம துறை இல்லையே. வெளிய போகணும்னா பயண அனுமதி வேணும், அதுல இடத்தோட பேர எழுதணும்." இயக்குநர் என் பக்கம் குனிந்தார். "நாங்க ஒண்ணும் அதுங்கள கைது பண்ணப் போறதில்லம்மா. அனுமதி இல்லாம வெளியேறிடுச்சு, பரவால்ல, மன்னிச்சிட்டோம். 'தாயகம் திரும்பும் திட்டம்'னு பேர் வச்சிக்கலாம். வியாழக்கிழமை விடிய நாலு மணிக்கு மூணு பக்கமும் பட்டாசு. கூடவே தகரம் தட்ட ஆள். நாலாவது பக்கம் வலை. வேன்ல ஏத்திக் கொண்டுவந்து இங்க இறக்கிடலாம்."

"எறக்கினா திரும்பப் பறந்துடுமே சார்" என்றார் மேற்பார்வையாளர்.

"ஒரு பக்கச் சிறகுல கொஞ்சம் கத்தரிச்சிடலாம். விழா முடியற வரைக்கும்தான்."

"ஐயா, மதகத் தொறந்து தண்ணிய எறக்கினா ரெண்டு மாசத்துல அதுங்களே வரும்" என்றார் மதகுக்காரர்.

"படகு தரை தட்டிடும்யா. உனக்கு இயற்கை மேல அக்கறையே இல்ல." மதகுக்காரரின் தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அவரை வெளியே அனுப்பினார்.

எனக்கு ஒரு வெள்ளைத்தாள் தந்தார்கள். நாளை காலை ஒன்பது மணிக்குள் இடத்தை எழுதிக் கொண்டுவர வேண்டும். எழுதினால் உறை அக்காவின் கைக்கு வரும். எழுதாவிட்டால் அக்காவுக்குக் குற்றக் குறிப்பு. எனக்குப் 'பறவை மறைப்பு' என்று பள்ளிக்குக் கடிதம். அந்தத் தாளைப் பெற்றுக்கொண்டதற்கும் கையெழுத்து வாங்கினார்கள். என் மஞ்சள் சீட்டில் முத்திரை விழுந்தது. கதவு சுற்றியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பறவையெல்லாம் நல்லா பார்த்தியா?" என்றாள். "பார்த்தேம்மா" என்றேன். இன்று நான் சொன்ன முதல் பொய். அம்மா சாப்பாடு போட்டுவிட்டு, உத்தரவு வந்ததும் அதை எங்கே சட்டம் போட்டு மாட்டலாம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அம்மா தூங்கிவிட்டாள். தாள் என் தலையணைக்கு அடியில் வெள்ளையாகவே இருக்கிறது. அக்கா தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது.

"அக்கா, சொல்லிடட்டுமா?" என்றேன்.

"எங்கிட்டயா? சொல்லாத. தெரிஞ்சா நாளைக்கு அந்த உறையப் பார்த்ததும் என் வாய் நிக்காது."

"அதுங்க கூட குஞ்சும் இருக்குக்கா. பறக்காது. நடக்க மட்டும்தான் தெரியும்."

அவள் சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். "அத ஏண்டி அங்க சொல்லல?"

"சொன்னா அதையும் பதிவேட்டுல ஏத்திடுவாங்க."

இருட்டில் அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி நின்றது. பட்டாசு வெடித்தால் பெரியவை எழும்பிவிடும். குஞ்சுகள் எந்தப் பக்கம் ஓடும் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம்.

"சரி, கேளு" என்றாள் கடைசியில். "வேற இடத்தோட பேர எழுது. எதுவா இருந்தாலும் தூரமா இருக்கட்டும். வியாழக்கிழமை போய் வெறுந்தண்ணில பட்டாசு வெடிச்சுட்டு வருவாங்க. விருதுக்காரங்களுக்குப் படத்தக் காட்டி எப்படியாவது சமாளிப்பாங்க. அப்புறம் விசாரணை. நான் இன்னொரு இடம் சொல்றேன். விருது அவசரம் இல்லாட்டி அனுமதி வாங்கவே அவங்களுக்குப் பத்து நாள். படிவம் தப்புன்னு திருப்பி அனுப்ப வைக்க எனக்குத் தெரியும், மூணு வருஷம் சும்மாவா இருந்தேன். இழுத்துப் பிடிச்சா இருபது நாள் ஓட்டுவேன். அதுக்குள்ள என்ன வெளிய அனுப்பிடுவாங்க. அது எப்படியும் நடக்கப்போறதுதான்."

"அம்மா?"

"அம்மாவ விடு. நான் பார்த்துக்கறேன்." அதை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, குரலிலேயே தெரிந்தது. "இருபது நாளுக்கு மேல என்னால முடியாது. அதான் கேக்கறேன். பூநாரைக் குஞ்சு எழுபத்தஞ்சு நாள்ல பறக்கும். இப்பவே அம்பத்தஞ்சு நாள் ஆகியிருந்தாத்தான் இருபது நாள் போதும். தினமும் மெகாபோன்ல இதத்தான் கத்தறேன், ஒண்ணக்கூடக் கண்ணால பார்த்ததில்ல. நீதான் பார்த்திருக்க. எல்லாத்தையும் எண்ணறவ நீ."

நான் முதலில் பார்த்த அன்றே அவை நடந்துகொண்டிருந்தன. அதற்கு எத்தனை நாள் முன்னால் முட்டையை உடைத்து வந்தன என்று எனக்கு எப்படித் தெரியும்? சைக்கிள் செயின் அதற்கு முன்னால் ஒருநாளும் கழன்றதில்லை.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"சொல்லுடி. அதுங்க பொரிச்சு எத்தனை நாள் ஆச்சு?"